வெட்டிய கனடா, சுவீடன் காடு 20 ஆண்டில் பழையபடி ஆகிவிடுமா?

"கனடா, சுவீடன் காடுகளை மொட்டையடித்தாலும் 20 ஆண்டில் பழையபடி ஆகிவிடும், ஜவ்வாது மலையில் மட்டும் ஏன் தடை?" வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

மரம் மறுபடி வளரும், சரி. ஆனால் அந்தக் குளிரில் வளர்ச்சி மெது. சுவீடனில் நட்ட மரம் வெட்டுக்கு வரவே பெரும்பாலும் 60 முதல் 100 ஆண்டு ஆகும். அப்போதும் எல்லாம் ஒரே வயது மரங்கள்தான். வெட்டுப்படாத பழங்காட்டின் பட்டமரங்கள், மட்கும் கட்டைகள், தாடிபோல் தொங்கும் லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்), அவற்றை நம்பிய பூஞ்சை, வண்டுகள் எல்லாம் திரும்ப அதைவிட நெடுங்காலம் பிடிக்கும்.

1923 முதல் நடக்கும் சுவீடன் தேசிய வனக் கணக்கெடுப்பின் விவரங்களை, அதை நடத்தும் சுவீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழக இணையதளத்தில் பார்க்கலாம். ஜவ்வாதோ வெப்பமண்டலக் காடு, ஒப்பீடே பொருந்தாது.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.