நீமோ படத்தின் முதல் காட்சியை ஓட்டிவிடாதீர்கள்

'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது, தொடக்கக் காட்சியை ஓட்டிவிட்டு அடுத்ததிலிருந்து ஆரம்பிக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அம்மா மீன் செத்துப்போகிறது, பிள்ளை பயந்துவிடும், எதற்கு வம்பு என்பது அவர்கள் தரப்பு நியாயம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2003இல் வந்த இந்தப் படத்தைப் பெரியவனான பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். இது தொலைந்துபோன குட்டி மீனின் கதை என்பதைவிட, பயந்துபோன ஒரு அப்பனின் கதை என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது அந்த முதல் காட்சிதான்.

மார்லினும் கோரலும் புது வீட்டுக்குக் குடிவந்த கோமாளி மீன்கள். பவளப்பாறையின் விளிம்பில், ஆழ்கடலைப் பார்த்த வீடு. மார்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே நானூறுக்கு மேல் முட்டைகள். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறான். இத்தனையில் ஒன்றுக்காவது பிடிக்காமலா போகும் என்று கோரல் சமாதானம் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில், மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் ஷீலா மீன் ஒன்று வருகிறது. அடிபட்டு மயங்கிய மார்லின் கண் விழிக்கும்போது இருட்டிவிட்டது. கோரல் இல்லை. முட்டைகளும் இல்லை. லேசாகக் கீறல் விழுந்த ஒரே ஒரு முட்டை மட்டும் மிச்சம், அதுதான் நீமோ. அதைத் துடுப்பில் ஏந்திக்கொண்டு, உனக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

ரத்தம் இல்லை, கடித்துக் குதறுவது எதுவும் திரையில் இல்லை. பாய்ச்சல் ஒன்று, பிறகு இருட்டு, பிறகு வெறுமை. இதைவிடப் பக்குவமாக ஒரு சாவைக் குழந்தைகளுக்குச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து குறைவு.

இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் முதலில் இதை இப்படி வைக்க நினைக்கவில்லை. கோரலின் முடிவைத் துண்டு துண்டான பின்கதைக் காட்சிகளாகப் படம் முழுக்கத் தூவி, கடைசியில் உடைப்பதாகத்தான் திட்டம். அப்படிப் பார்த்தபோது மார்லின் வெறும் நச்சரிப்பவனாகத் தெரிந்தான், யாருக்கும் அவன்மேல் ஒட்டுதல் வரவில்லை. சம்பவத்தைத் தூக்கி முன்னால் வைத்ததும் அதே வசனங்கள், அதே பதற்றம், ஆனால் பார்க்கிற நாம் அவன் பக்கம் வந்துவிட்டோம். முதல் காட்சியை ஓட்டிவிடுகிறவர்கள், படைத்தவரே வேண்டாம் என்று தள்ளிய படத்தைத்தான் பிள்ளைக்குக் காட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் முதல் நாளைப் பாருங்கள். கடல் சாமந்தியை விட்டு வெளியே வருவதற்கே மார்லின் பாடம் எடுக்கிறான். வெளியே போ, திரும்ப உள்ளே வா, இன்னொரு முறை போ. குழந்தைகள் அதற்குச் சிரிப்பார்கள். என்னால் முழுசாகச் சிரிக்க முடிவதில்லை, ஏனென்றால் அவன் கண்ணில் அந்த ஷீலா மீன் இன்னும் நிற்கிறது. ஸ்டாண்டன் தன் மகனைப் பூங்காவுக்கு அழைத்துப் போனபோது, அதைத் தொடாதே, விழுந்துவிடுவாய் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனதாகச் சொல்லியிருக்கிறார். கதையின் விதைகளில் அதுவும் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், படம் மார்லினின் பயத்தைப் பொய் என்று சொல்லவே இல்லை. கடல் உண்மையிலேயே ஆபத்தானதுதான். சுறா இருக்கிறது, சொறிமீன் கூட்டம் இருக்கிறது, படகில் வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு போகும் மனிதன் இருக்கிறான். அதே சமயம், நீமோ அந்தப் படகை நோக்கிப் போனதே, நண்பர்கள் முன்னால் உன்னால் இதெல்லாம் முடியாது என்று அப்பா சொன்ன கோபத்தில்தான். காப்பாற்றும் கையே தள்ளியும் விடுகிறது. எந்தப் பக்கமும் சாயாமல் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரிய காரியம்.

என் மகள் சுறாக்கள் வரும் இடத்துக்காகக் காத்திருப்பாள். நான் காத்திருப்பது திமிங்கிலத்தின் வாய்க்குள் நடக்கும் காட்சிக்கு. அவனுக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனே என்று மார்லின் அழுகிறான். எதுவுமே நேராவிட்டால் அவன் வாழ்க்கையில் எதுவுமே நடக்காதே என்கிறாள், நீமோவைத் தேடும் பயணத்தில் அவனோடு வரும் மறதிக்கார மீன் டோரி. பிறகு திமிங்கிலத்தின் நாக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, விட்டால் கெட்டது நடக்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். எனக்குத் தெரியாது என்கிறாள். அவ்வளவுதான். உத்தரவாதம் எதுவும் தரப்படவில்லை. இருந்தும் பிடியை விடுகிறான். குழந்தைகள் படம்தானே என்று உறுதிமொழி ஒன்றை அங்கே திணித்திருக்கலாம், திணிக்கவில்லை.

இன்னொரு இழையையும் சொல்ல வேண்டும். மார்லின் சுறாக்களைச் சமாளித்த செய்தி ஆமைக் கூட்டத்தில் தொடங்கி, மீன், சிங்கி இறால், பறவை என்று வாய்க்கு வாய் மாறி, கடைசியில் ஒரு கூழைக்கடா மூலம் சிட்னியில் பல் மருத்துவர் ஒருவரின் மீன்தொட்டிக்குள் இருக்கும் நீமோவை எட்டுகிறது. தன் அப்பாவா இதெல்லாம் செய்தார் என்று அவனால் நம்பவே முடியவில்லை. அதைக் கேட்ட பிறகுதான், தொட்டியிலிருந்து தப்பிப்பதற்காக, ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்த அதன் வடிகட்டிக்குள் மறுபடி இறங்குகிறான். அதுவரை அப்பனின் பயத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பல் மருத்துவரின் உறவுக்காரச் சிறுமியை வெறும் பூச்சாண்டியாகவே நிறுத்திவிட்டார்கள். டோரியின் மறதியும் கதைக்கு வசதியான நேரத்தில் வருகிறது, வசதியான நேரத்தில் போகிறது.

ஆனால் வலைக் காட்சி எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது. கண்டுபிடித்த சூடு ஆறுவதற்குள், டோரியைக் காப்பாற்ற நீமோ மீன்வலைக்குள் நுழையப் பார்க்கிறான். மார்லின் விடமாட்டேன் என்கிறான், பிறகு விடுகிறான். மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையை, எந்த மனிதர்களிடமிருந்து மீட்க அவ்வளவு தூரம் வந்தானோ அதே மனிதர்களின் வலைக்குள் அனுப்புகிறான். முதல் காட்சியைப் பார்க்காதவருக்கு இது பரபரப்பான ஒரு உச்சக்கட்டம். பார்த்தவருக்கு அந்த ஒரே முட்டை ஞாபகம் வரும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த நிமிடங்களை ஓட்டாதீர்கள். கைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா மீன் எங்கே என்று கேட்டால், செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். என் மகள் அடுத்து கேட்ட கேள்வி, அந்தப் பெரிய மீன் கெட்டதா என்பது. அதற்குப் பசி, தின்றுவிட்டது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சுறா எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.