"முதலாளி பார்த்துச் செய்வார்" என்று காத்திருப்பவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பல ஆண்டுகளாக ஒரே வேலையில் இருப்பவர்களிடம் அடுத்த நிலைக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டால், "முதலாளி பார்த்துச் செய்வாருங்க" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. அந்தச் சொல்லில் இருக்கும் விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விசுவாசம் வேறு, பதவி உயர்வு வேறு. இரண்டாவதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

கொங்கு நாட்டில் முன்னேற்றம் என்றாலே சொந்தத் தொழில் தொடங்குவது என்று பொருளாகிவிட்டது. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொடங்கிய வரலாறு இங்கே எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் வேலை பழகிப் பின்னர் சொந்தமாக லேத் போட்டவர்களை ஒவ்வொரு ஊரிலும் காட்டலாம். அது நம் மண்ணின் பெருமைதான். எனினும் அடமானம் வைக்க நிலமோ முதலோ இல்லாத பெரும்பாலானவர்கள் கடைசிவரை சம்பளத்துக்குத்தான் வேலை செய்யப் போகிறார்கள். வேலையில் இருந்துகொண்டே உயர்வது எப்படி என்று அவர்களுக்கு வீட்டிலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

குடும்பம் நடத்தும் சிறு நிறுவனங்களில் பதவிப் படிநிலை என்று எழுதிவைத்த எதுவும் பெரும்பாலும் இருக்காது. நூல் விலை, ஷிப்மென்ட் தேதி, வங்கித் தவணை ஆகியவற்றுக்கு நடுவே உங்கள் உயர்வும் முதலாளியின் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினி வழியே இயங்கும் ஒரு சி.என்.சி. மெஷினைக் குறையில்லாமல் ஓட்டும் ஆபரேட்டரை அங்கிருந்து நகர்த்துவது சூப்பர்வைசருக்கு இழப்பு என்பதால், நன்றாக வேலை செய்வதே சில சமயம் ஒருவரை அதே இடத்தில் நிறுத்திவிடுகிறது. புதிய ஜாப் ஏற்றும்போது மெஷினை அந்த வேலைக்கு ஏற்ப அமைத்துத் தரும் செட்டரின் பக்கத்தில் நின்று ஆஃப்செட் (கருவியின் அளவுத் திருத்தம்) கொடுப்பதையும் ப்ரோகிராம் திருத்துவதையும் கற்றுக்கொண்டு, செட்டராகப் போட்டுப் பாருங்கள் என்று நீங்களேதான் கேட்க வேண்டும். பனியன் கம்பெனியிலும் இதே நிலைதான். திருப்பூரில் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் போடும் கூலி ஒப்பந்தம் டெய்லருக்கு உதவியாகத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப்பவரின் கூலியை உயர்த்துமே தவிர, அவரை டெய்லராக்காது. இடைவேளையில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகுபவரே அந்த மாற்றத்தை உண்டாக்குகிறார்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. எந்த வேலையை எப்போது பொறுப்பேற்றுச் செய்தீர்கள், ரிஜெக்ஷன் (தரமில்லை என்று ஒதுக்கப்படும் சரக்கு) எவ்வளவு குறைந்தது, ஆளில்லாத நாளில் எந்தப் பிரிவைக் கவனித்தீர்கள் என்பதையெல்லாம் தேதியோடு குறித்துவைத்து, அமைதியாக இருக்கும் ஒரு நாளில் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் கேட்காதீர்கள். அப்போது பேச்சு முழுவதும் போனஸைச் சுற்றியே இருக்கும். சம்பள வரம்புக்கு உட்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு போனஸ் சட்டப்படி சேர வேண்டியது. அதை உங்கள் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரமாக எண்ணி மனநிறைவு அடைந்துவிடக் கூடாது.

சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ், வேலை மாறினாலும் மாறாத வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண்ணான யு.ஏ.என். ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்கி வையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கி, எந்தத் தாளும் இல்லாமல் உழைத்தவர் அடுத்த நிறுவனத்தில் தம் அனுபவத்தை நிரூபிக்க முடியாமல் மறுபடியும் கீழிருந்து தொடங்குவதைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

டிப்ளமோ படித்துவிட்டு வேலையில் இருப்பவர்களுக்காகக் கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (சி.ஐ.டி.), பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை பகுதிநேர பி.இ. வகுப்புகளை மாலையில் நடத்தி வந்திருக்கின்றன. சேர எண்ணுபவர்கள், கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, வகுப்பு நாட்களில் பகல் ஷிப்ட் மட்டும் தரும்படி நிறுவனத்தில் பேசி முடித்துவிட வேண்டும். ஷிப்ட் பட்டியல் ஒட்டிய பிறகு கேட்டால், உதவ மனமுள்ள சூப்பர்வைசராலும் எதுவும் செய்ய முடியாது.