ஆச்சே கிராமத்தின் பொறுமையைப் புகழ்வதற்கு முன்

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே செய்திகளைச் சுற்றி வருகின்றன. ஒன்று, 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை. மற்றொன்று, ஷரியத் சட்டத்தின் கீழ்ப் பொது இடத்தில் கொடுக்கப்படும் பிரம்படி. இரண்டும் உண்மைதான். ஆனால் பிடியே மாவட்டத்தின் நெல் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய கிராமத்தில் தங்கி, அங்குள்ளவர்களின் வரவு செலவைக் கேட்டறிந்த எனக்கு, அவர்களுடைய அன்றாட வாழ்வை இவ்விரண்டும் தீர்மானிப்பதாகத் தோன்றவில்லை. வயல் யார் கையில் இருக்கிறது, அதன் மேல் எவ்வளவு தங்கம் கடனாக நிற்கிறது என்ற கணக்கே அங்கே பிள்ளையின் படிப்பையும் பெண்ணின் திருமணத்தையும் மூத்தவரின் மருத்துவத்தையும் முடிவு செய்கிறது.

முதலில் அந்தக் கிராமம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சேயில் கிராமத்தைக் கம்போங் என்கிறார்கள். அப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கம்போங்குகள் அந்த மாநிலத்தில் உள்ளன. தலைவர் கெச்சிக் எனப்படுகிறார். அவருக்கு இணையான மதிப்போடு மெனாசாவின் இமாம் இருக்கிறார். மெனாசா என்பது தொழுகைக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் பொதுவான கட்டடம், ஒரு காலத்தில் ஊரின் இளைஞர்கள் இரவில் படுத்துறங்கியதும் அங்கேதான். மூத்தோர் அவை ஒன்று உண்டு. வயலுக்கு நீர் எப்போது திறப்பது, எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது, நாற்று எப்போது விடுவது என்பவற்றை முடிவு செய்யும் கெஜ்ருன் பிளாங் என்ற பொறுப்பாளரும் உண்டு. நடவுக்கு முன் ஊரார் பணம் போட்டு ஆடோ மாடோ அறுத்து, வயற்கரையிலேயே சமைத்துக் கந்தூரி விருந்து கொடுக்கிறார்கள். கந்தூரி என்ற அதே சொல்தான். நாகூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரு சிறு விலகலுக்கு இடம் கொடுங்கள். இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதத்தை ஆச்சே மக்கள் அப்ப மாதம் என்றே அழைக்கிறார்கள்; பிடியேயில் வீட்டுக்கு வீடு அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அப்பம் சுட்டு அண்டை அயலாருக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்குள்ள குழம்பில் கறிவேப்பிலை தாராளமாகக் கிடக்கிறது. முதலாம் ராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் இலாமுரி தேசம் ஆச்சேயின் வடமுனைதான் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. மாநிலத் தலைநகரான பந்தா ஆச்சேயின் நெஉசு பகுதியில் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. ஆகவே அந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமான இடம் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். ஆச்சே கிராமத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குத் திருமணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவதே மரபு. பின்னர் மகளும் மருமகனும் தனிக்குடித்தனம் போகும்போது, வசதிக்கு ஏற்ப ஒரு வீட்டையோ மனையையோ வயல் துண்டையோ பெற்றோர் அவளுக்கே எழுதிவைக்கிறார்கள். வரதட்சிணை என்ற பேச்சே இல்லை. மாறாக, மணமகன்தான் மணமகளுக்குத் தங்கமாக மஹர் கொடுக்க வேண்டும். அதை ஜெலாமே என்கிறார்கள். அளவு மாயம் என்ற எடையில் பேசப்படுகிறது. ஒரு மாயம் 3.3 கிராமுக்குச் சற்று மேல். பத்து மாயம், பதினைந்து மாயம், பிடியே போன்ற இடங்களில் அதற்கும் மேல் என்று பேச்சு நடக்கும். தங்கத்தின் விலை கடந்த சில ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேல் ஏறிவிட்டதால், கூலி வேலை செய்யும் இளைஞர்களின் திருமணங்கள் தள்ளிப்போய்க்கொண்டிருக்கின்றன. நம் ஊர்ச் சுமை பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏறுகிறது. அங்கே அது பையனின் தலையில். ஆனாலும் அந்தத் தங்கம் மனைவியின் சொத்து என்பதும், கணவன் அதைக் கேட்டு வாங்க வேண்டும், எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்கள்.

சிக்கல் வயலில் இருக்கிறது. ஆச்சே கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள கடன் முறைக்குக் காலா என்று பெயர். பணமுடை உள்ளவர் வசதியுள்ள ஒருவரிடம் தங்கம், பத்து மாயம் என்று வைத்துக்கொள்வோம், பெற்றுக்கொண்டு தன் வயலை அவரிடம் ஒப்படைக்கிறார். தங்கம் திரும்பும் வரை வயலின் விளைச்சல் கடன் கொடுத்தவருக்குச் சேரும். வட்டி என்று எதுவும் பேசப்படுவதில்லை; ஏனெனில் வட்டி ஹராம். காலவரையறையும் இல்லை. பெரும்பாலான நேரங்களில் வயலைக் கொடுத்தவரே அதில் வாரத்துக்கு உழுகிறார். அதாவது தன் சொந்த வயலில் தானே பாடுபட்டு, அறுவடையில் ஒரு பங்கை ஒவ்வொரு போகத்திலும் கடன் கொடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் அளக்கிறார். அந்த நெல்லில் ஒரு மணிகூட அசலில் கழிவதில்லை. கடன் தங்கத்தின் எடையில் நிற்பதால், மீட்க வேண்டிய தொகை தங்கத்தின் விலையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. நெல் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. தாத்தா அடகு வைத்த வயலைப் பேரன் இன்றும் வாரத்துக்கு உழுகிறான் என்று அந்த ஊரில் யாரும் அதிசயமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஒன்று, ஏழு ஆண்டுகளுக்கு மேல் அடமானத்தில் இருந்த விவசாய நிலத்தை, எந்தத் தொகையும் வாங்காமல் உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்கிறது. ஏழு ஆண்டு விளைச்சலிலேயே கடன் கொடுத்தவர் தன் பணத்தை எடுத்துவிட்டார் என்பது அதன் தர்க்கம். சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிராமத்தில் அதைக் கையிலெடுக்க ஆள் இல்லை. கடன் கொடுத்தவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ பெரியம்மாவின் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர். அவர்மேல் சட்டத்தை ஏவுவது வெட்கக்கேடு. வாங்கிய தங்கத்தைத் திருப்பாமல் வயலை மீட்பது மறுமைக்கும் கேடு என்ற எண்ணமும் உண்டு. அந்த மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வயல் கையைவிட்டுப் போன குடும்பம் வேறு வழிகளில் பிழைக்கிறது. ஆண்கள் பந்தா ஆச்சேயிலோ பக்கத்து மாநிலத்து நகரமான மேடானிலோ கடைகளில் வேலைக்குப் போகிறார்கள், அல்லது மலேசியாவுக்குக் கடல் கடக்கிறார்கள். கோலாலம்பூரில் சௌக்கிட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆச்சே மக்களை மலேசியத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். பெண்கள் வீட்டில் அமர்ந்து எம்பிங் தட்டுகிறார்கள். மெலிஞ்சோ மரத்தின் கொட்டையைச் சூடாக வறுத்து, ஓடு நீக்கி, கல்லின் மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பரப்பிக் காயவைக்கும் ஒரு வகை அப்பளம் அது. பிடியேயின் பெயரைச் சொல்லி விற்கும் பண்டம். கொட்டையை வியாபாரி கொடுத்துவிட்டுப் போகிறார், அப்பளத்தை எடுத்துக்கொண்டு போகிறார், தட்டியதற்கு மட்டும் கூலி. நாள் முழுதும் குனிந்து தட்டும் பெண்ணுக்குச் சந்தை விலையில் எந்தப் பங்கும் இல்லை. முன்பு அறுவடைக்குக் கூட்டமாக இறங்கிக் கூலி நெல் வாங்கிவந்த வேலையையும் அறுவடை இயந்திரம் வந்து குறைத்துவிட்டது. இதற்கிடையே விளைந்த நெல்லில் கணிசமான பகுதி மேடான் அரவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகி, கூடுதல் விலையோடு ஆச்சேக்கே திரும்பி வருகிறது. தேவைக்கு மேல் நெல் விளையும் அந்த மாநிலத்தில், 2022இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 31.2 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2024 மார்ச்சில் ஆச்சேயின் வறுமை விகிதம் 14.23 சதவீதம்; நாட்டின் சராசரி 9.03.

இத்தனைக்கும் பணம் வராத மாநிலம் இல்லை அது. 1971இல் அருன் பகுதியில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து 2014 வரை லோக்சுமாவே துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. அந்த வருவாயில் கிராமத்துக்கு வந்தது சொற்பம் என்ற குமுறல், ஹசன் டி திரோ 1976 டிசம்பர் 4 அன்று அறிவித்த ஆச்சே விடுதலை இயக்கத்துக்கு வலு சேர்த்தது. அவர் பிறந்த ஊரும் இதே பிடியேயில்தான். அதற்கு எதிராக 1989 முதல் 1998 வரை நடந்த இராணுவ நடவடிக்கையின் கொடுமையைக் கிராமங்களே சுமந்தன. பிடியேயின் குளும்பாங் திகாவில் மரத்தூண்களின் மேல் நின்ற ஒரு பழைய ஆச்சே வீட்டை இராணுவம் சித்திரவதைக் கூடமாக்கியது. ருமோ கெடோங் என்ற அந்த வீட்டை 1998இல் மக்கள் எரித்தார்கள். 2023 ஜனவரியில் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ அது மனித உரிமை மீறல் நடந்த இடம் என்று ஒப்புக்கொண்டார். ஜூனில் அவர் அங்கே வருவதற்கு முன் எஞ்சிய சுவர்களையும் இடித்துத் துடைத்துவிட்டார்கள். சாட்சியத்தை அழித்த பிறகு வருத்தம் தெரிவிக்கும் அந்த முறை எனக்கு இன்றும் புரியவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின் உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது. சீரமைப்பு முகமை 2009இல் பணியை முடித்தபோது ஏறத்தாழ 1,40,000 வீடுகள் கட்டப்பட்டிருந்தன. அது சாதாரணச் சாதனை அன்று. ஆனால் அந்தப் பணம் கடலோரத்துக்கு வந்த பணம். அலை எட்டாத, போரில் மட்டும் சிதைந்த உள்நாட்டுக் கம்போங்குகள் அதன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. இந்தோனேசிய அரசுக்கும் விடுதலை இயக்கத்துக்கும் இடையே 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான அமைதி உடன்பாடு, முன்னாள் போராளிகளுக்கும் அரசியல் கைதிகளுக்கும் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கும் தகுந்த விவசாய நிலம் தரப்படும் என்று தெளிவாகச் சொன்னது. எத்தனையோ பேருக்கு அந்த நிலம் இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

2008 முதல் மத்திய அரசிடமிருந்து ஆச்சேக்குச் சிறப்புத் தன்னாட்சி நிதி வரத் தொடங்கியது. மாநிலங்களுக்கான தேசியப் பொது ஒதுக்கீட்டில் 2 சதவீதத்துக்குச் சமமான தொகை பதினைந்து ஆண்டுகளுக்கு, பிறகு 1 சதவீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, 2027 வரை. முதல் பதினைந்து ஆண்டுகளில் மட்டும் தொண்ணூறு லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல். எங்கே போனது என்று கேட்டால், பாதி பதிலை வழக்கு ஆவணங்களில் படிக்கலாம்: விடுதலை இயக்கத்திலிருந்து வந்து மக்கள் வாக்கில் ஆளுநரான இர்வாண்டி யூசுப், இந்த நிதித் திட்டங்களில் கையூட்டுப் பெற்ற வழக்கில் 2018 ஜூலையில் கைதாகிப் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். மீதிப் பதில் சாலையோரம் அலங்கார வளைவுகளாகவும் அலுவலகக் கட்டடங்களாகவும் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் ஆச்சே கிராமத்தின் பொறுமையையும் மரபையும் புகழும் எழுத்துகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. அந்த மரபு மெய்யாகவே வலுவானது. 2008ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பதினெட்டு வகைச் சிறு வழக்குகளைக் கம்போங் அளவிலேயே தீர்க்க அனுமதிக்கிறது. குடும்பச் சண்டை, வரப்புத் தகராறு, சிறு திருட்டு எல்லாம் மெனாசாவில் முடிகின்றன. போர் முடிந்து காட்டிலிருந்து இறங்கியவர்களுக்கு அரிசி தூவி, இலையால் நீர் தெளிக்கும் பெசிஜுக் சடங்கு நடத்தி ஊருக்குள் சேர்த்துக்கொண்டார்கள்; எந்த அரசுத் திட்டமும் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் அதே மெனாசாவில், வீட்டுக்கு உரியவளான பெண் பேச்சுக்கு அரிதாகவே அழைக்கப்படுகிறாள். காலா வயலைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை. ஏனெனில் வயலைப் பிடித்து வைத்திருப்பவர்களில் சிலர் அந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மக்கள் தாங்களே தாங்கிக்கொள்வார்கள் என்று ஜகார்த்தாவும் பந்தா ஆச்சேயும் நிம்மதியாக இருப்பதற்கு இந்தப் புகழ் நன்றாகவே பயன்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் புயல் மழையில் பிடியே ஜெயா முதல் ஆச்சே தமியாங் வரை வெள்ளம் புகுந்து, மரத்துண்டுகளும் சேறும் வயல்களை மூடியபோதும், முதலில் மண்வெட்டி எடுத்தவர்கள் ஊரார்தான். சேறு மூடிய வயலுக்கும் தங்கக் கடன் அப்படியே நிற்கிறது என்பதை நிவாரணப் பட்டியல்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தன்னாட்சி நிதியை 2027க்குப் பிறகும் நீட்டிக்க வேண்டும் என்று ஆச்சே கேட்டு வருகிறது. நீட்டிக்கட்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அதில் ஒரு பங்கைக் காலா வயல்களை மீட்பதற்கென்று ஒதுக்க வேண்டும். ஏழு ஆண்டு கடந்த அடமானத்துக்குச் சட்டப்படி எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்றாலும், உறவு முறியாமல் இருக்க, இமாம் முன்னிலையில் ஒரு குறைந்த தொகை பேசி முடிக்கலாம். ஏழு ஆண்டு ஆகாதவற்றுக்கு, பெற்ற விளைச்சலைக் கழித்து மீதியைக் கொடுக்கலாம். மீட்ட வயலின் பத்திரத்தில் மனைவியின் பெயரும் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த முடைக்கு அவளைக் கேட்காமலே அது மறுபடி போய்விடும். அரசு பணம் கொடுத்தால் புதிதாக அடமானம் வைப்பவர்கள் பெருகுவார்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். அதற்காக ஒரு கடைசித் தேதியை வைத்து, அதற்கு முந்தைய கடன்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்த வயல் யாரிடம் எத்தனை மாயத்துக்கு எந்த ஆண்டிலிருந்து கிடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கெச்சிக்கையும் கெஜ்ருன் பிளாங்கையும் உட்காரவைத்தால் ஒரே கூட்டத்தில் எழுதி வாங்கிவிடலாம்.