மூடிய கேட் நடப்பவருக்கும் மூடியதுதான்

ரயில்வே கேட் இறங்கியதும் பஸ் நிற்கிறது, கார் நிற்கிறது, ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நடந்து வருகிறவர் மட்டும் நிற்பதில்லை. குனிந்து உள்ளே போய்விடுகிறார். அவர் பின்னாலேயே நாலைந்து பேர். கேட் என்பது வண்டிகளுக்குத்தான், கால்நடையாகப் போகிறவருக்கு இல்லை என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நாம் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் காலை நேரத்து கேட் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்று பாதைகள். புறநகர் ரயில், தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள், வந்தே பாரத், நடுவில் சரக்கு ரயில். போன வாரம் எங்கள் பகுதி கேட்டில் ஓர் அம்மாவும் யூகேஜி வயதுப் பையனும் வந்தார்கள். கேட் இறங்கிவிட்டது. அந்த அம்மா பையனின் ஸ்கூல் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார், கம்பியில் சிக்காமல் இருக்க. பிறகு அவன் உச்சந்தலையில் தன் உள்ளங்கையை வைத்து, கம்பி இடித்துவிடாதபடி மெல்லக் குனியவைத்து உள்ளே அனுப்பினார். இரண்டாவது பாதையைத் தாண்டும்போது ஜல்லியில் அவன் ஷூ சறுக்கியது. அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், நடந்தார்கள், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவரை அலட்சியக்காரி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையின் தலையில் கம்பி பட்டுவிடக் கூடாதே என்று பார்த்தவர் அவர். அவ்வளவு கவனமான ஒருவருக்கே அங்கே இருக்கும் பெரிய ஆபத்து கண்ணில் படவில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பி வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்திலும் ஜல்லியிலும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தால் 20 நொடி ஆகும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த 20 நொடியில் 600 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நீங்கள் குனியும்போது 600 மீட்டருக்கு அப்பால் இருந்த ரயில், கடந்து முடிக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால். பாதை கொஞ்சம் வளைந்திருந்தால், பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றிருந்தால், அந்த 600 மீட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

“தூரத்துலதான வருது” என்று சொல்கிறோமே, அந்த மதிப்பீட்டையும் நம்ப முடியாது. நேர் எதிரே நம்மை நோக்கி வரும் பெரிய பொருளின் வேகத்தை நம் கண்ணால் சரியாக அளக்க முடியாது. வெகுநேரம் ஒரே அளவில் நிற்பதுபோலத் தெரியும். கடைசிச் சில நொடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். காதில் இயர்போனும் இருந்தால் கடைசி எச்சரிக்கையான ஹார்னும் போச்சு.

தண்டவாளத்தை ஒட்டி நின்றால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அகலப் பாதையில் (பிராட்கேஜ்) இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். பெட்டியின் அகலமோ 3 மீட்டருக்கு மேல். அதாவது ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. கைப்பையின் வார், புடவைத் தலைப்பு, தோளில் தொங்கும் பை, எது வேண்டுமானாலும் அதில் மாட்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது இரண்டாவது ரயில். ஒரு ரயில் கடந்து முடித்ததும் கூட்டம் மொத்தமாக உள்ளே பாய்கிறது. கேட் இன்னும் ஏறவில்லை, மணி இன்னும் அடிக்கிறது. ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை. எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வருவதால்தான் கேட் ஏறவில்லை. போய்க்கொண்டிருக்கும் ரயிலின் கடைசிப் பெட்டி அதை மறைக்கிறது, சத்தம் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸில் எல்சன்ஹாம் என்ற சின்ன ரயில் நிலையத்தில் 2005 டிசம்பரில் நடந்தது இதேதான். 13, 14 வயதுச் சிறுமிகள் இருவர். ஒரு ரயில் போய்விட்டது. சிவப்பு விளக்கும் மணியும் நிற்கவில்லை. நடப்பவர்களுக்கான சின்னக் கதவுக்குப் பூட்டு இல்லை, திறந்துகொண்டு போனார்கள். இரண்டாவது ரயில் வந்தது. இருவருமே பிழைக்கவில்லை. இரண்டாவது ரயிலால் ஆபத்து இருக்கிறது என்று அங்கே முன்பே எடுத்த ஆய்வில் எழுதியிருந்தும் எதுவும் செய்யாமல் விட்டது பிறகு வெளியே வந்தது. 2012-ல், அங்கே தண்டவாளங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனத்துக்கு 10 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். நிர்வாகத்தைத் தண்டித்தது சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது பிள்ளைகள் போய் ஆறு வருஷம் தாண்டிவிட்டது.

“ரயில்வேயைக் கேளுங்கள், ஜனங்களைக் குறை சொல்லாதீர்கள்” என்று சிலர் சொல்வார்கள் என்று தெரியும். ரயில்வேயைக் கேட்கத்தான் வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்? ஒன்றுமே இல்லை. ரயில் வரும் நேரத்தில் கேட் திறந்திருந்தது. அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் வசதி கிடையாது. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். இல்லாத இடத்தில் ஸ்டேஷனிலிருந்து வரும் போன் தகவலும் கேட் கீப்பரின் விழிப்பும் மட்டும்தான் காவல். அத்தனை உயிரை ஒரு போன் பேச்சின்மேல் நிறுத்தி வைத்திருந்தது ரயில்வேயின் குற்றம், அதில் இரண்டு கருத்து இல்லை. அதனால் திறந்திருக்கும் கேட்டில்கூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும் என்கிறேன். அடிபட்ட பிறகு தப்பு யார் பேரில் என்று முடிவானாலும் போன உயிர் வராது.

ஆனால் மூடிய கேட்டுக்குள் குனிந்து போகிறவரின் கதை வேறு. அங்கே ரயில்வே தன் வேலையைச் செய்துவிட்டது. அகலப் பாதையில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு இல்லாமல் ஆக்கப்பட்டன. ஆளும் கம்பியும் இருக்கிற இடத்தில் மிச்சமிருப்பது நம் முடிவு மட்டும்தான். தண்டவாளத்தைக் கடந்தே நாட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறக்கிறார்கள், அதில் மும்பை புறநகரில் மட்டும் 6,000 பேர் என்று ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. நாகரிகமான எந்தச் சமூகமும் ஏற்க முடியாத படுகொலை என்றே அந்தக் குழு எழுதியது. சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, சரி. குடும்பத்தையாவது நினைக்க வேண்டும். ரயில் விபத்து இழப்பீடு பயணிகளுக்கானது. மூடிய கேட்டுக்குள் புகுந்து அடிபட்டவர் அதில் வரமாட்டார்.

கேட் கீப்பரிடம் “ஏண்ணே இவ்ளோ சீக்கிரம் மூடுறீங்க” என்று சண்டைக்குப் போகிறோம். அவர் வேண்டுமென்று மூடுவதில்லை. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டை அவர் மூடாவிட்டால் ரயில் சிக்னலில் நிற்கும். கூட்டம் கம்பியை இறக்கவிடாமல் மல்லுக்கட்டினால் ரயிலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பேர் தாமதமாவார்கள். இன்ஜினில் இருப்பவரையும் யோசியுங்கள். முழு வேகத்தில் எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். அவரால் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க மட்டும்தான் முடியும். யாரோ ஒருவரின் ஐந்து நிமிட அவசரம் அவர் மனசில் ஆயுசுக்கும் கிடக்கும்.

இருபது நிமிஷம் கேட் மூடிக் கிடந்தால் ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் சப்வேயில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மேம்பாலப் படிகளில் மூட்டுவலிக்காரர்கள் ஏற முடியாது. அதற்காகத்தான் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கோட்ட ரயில்வே மேலாளருக்கு மனு எழுதியிருக்கிறோம். சப்வேயில் நிரந்தர மோட்டார், நடைமேம்பாலத்துக்கு லிஃப்ட், இரண்டாவது ரயில் வருவதைத் தனியாக அறிவிக்கும் ஒலிபெருக்கி, கேட் இரண்டு பக்கமும் நல்ல விளக்கு. ஞாயிறு காலை கேட் பக்கத்து டீக்கடையில் கையெழுத்து வாங்குகிறோம். நேரில் வர முடியாத பெரியவர்கள் இன்பாக்ஸில் தெரு பெயரைச் சொன்னால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.