நிலாவெளி வீட்டு வாடகை பற்றிப் பரவும் தகவல் தவறு

"திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சொந்த வீடு இருந்தால் ஏர்பிஎன்பியில் (பயணிகளுக்கு வீடு, அறை வாடகைக்கு விடும் இணையத்தளம்) போடுங்கள். பதிவும் வேண்டாம், வரியும் இல்லை, வருடம் முழுக்க ஆள் வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

சுற்றுலாப் பயணிகளுக்குத் தங்குமிடம் கொடுப்பது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வருகிறது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே, வாடகை வீடு போன்றவற்றுக்குத் தனித்தனிப் பதிவு வகைகளே உண்டு. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் ஹோம்ஸ்டே. கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு முழு வீட்டையும் விடுபவர் வேறு வகையைப் பார்க்க வேண்டும். விண்ணப்ப விபரம் அதிகார சபையின் இணையத்தளத்தில் இருக்கிறது. பிரதேச சபையிலும் உரிமம் பற்றிக் கேளுங்கள்.

வரி? வாடகையும் வருமானம்தான். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. ஆனால் சம்பளம் உட்பட மற்ற வருமானத்தையும் சேர்த்தே அந்தக் கணக்கு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உறுதிப்படுத்தலாம்.

அப்புறம் சீசன். நம் கடலில் கூட்டம் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், அறைகள் வெறுமையாகும். பராமரிப்பு, மின்கட்டணம், தளத்தின் கமிஷன் எல்லாம் கழித்து, ஐந்து மாத வருமானத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி நகையை அடகு வைத்து அறை கட்டுபவர் ஒருவர் இருந்தாலும் பாவம். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் காட்டுங்கள்.