சும்மா இருக்கும் வேலை

நாவல் எழுதுகிறவர்களின் நாள் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. விடியலில் எழுந்து உட்கார்ந்தால் பக்கம் பக்கமாகக் கொட்டும், இல்லாவிட்டால் நடுராத்திரியில் ஏதோ ஒன்று வந்து உலுக்கி எழுப்பும், விடிய விடிய எழுதுவோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில், நாவல் வேலையில் எழுதுவது சின்னப் பங்கு. பெரிய பங்கு, பார்க்கிறவர் கண்ணுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிற வேலை. வீட்டிலிருந்து நாவல் எழுதுவதில் உள்ள தலைவலி எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

போன வாரம் ஒரு நாள் செய்ததைச் சொல்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு கடிதம் வருகிறது. வீட்டை அடமானம் வைத்த விஷயம் அதில் இருக்கிறது. வைத்தவன் அண்ணன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அது தங்கையின் கையில் கிடைக்கிறது. படித்துப் பார்த்தபோது கதை நடுவில் தொய்ந்து கிடந்தது. கடிதம் ஏழாம் அத்தியாயத்திலேயே கிடைத்துவிட்டால் சரியாகும் என்று தோன்றியது. அந்தப் பத்தியை வெட்டி முன்னால் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? உடனே ஒட்டிவிட்டேன். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

ஏழாம் அத்தியாயத்திலேயே தங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டால், எட்டில் அவள் அண்ணனோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி அப்படியே நிற்காது. அவள் தெரிந்தும் தெரியாதது போலச் சிரிக்க வேண்டும். ஆனால் இவள் எதையும் முகத்தில் காட்டிவிடுகிற பெண் என்று முதல் அத்தியாயத்திலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே அங்கே போய், அவளுக்கும் மறைக்கத் தெரியும் என்பதற்கு ஒரு சின்ன விதை போட வேண்டும். அது துருத்திக்கொண்டும் தெரியக் கூடாது. அடுத்து, பத்தில் ஒரு பெரிய சண்டை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் அந்தச் சண்டையே வருகிறது. இப்போது சண்டைக்குக் காரணம் இல்லை. சண்டை இல்லாவிட்டால் அண்ணன் வீட்டை விட்டுப் போக மாட்டான். அவன் போகாவிட்டால் நாவலின் பின்பாதியே கிடையாது. இது போதாதென்று, கடிதம் மழையில் நனைந்து ஒரு வரி அழிந்து போயிருக்கும். அந்த ஒரு வரியால் ஒரு தவறான புரிதல், அதை நம்பி இரண்டு அத்தியாயங்கள். ஏழாம் அத்தியாயம் நடப்பதோ கொளுத்தும் வெயிலில்.

காலை முழுக்க இதோடு உட்கார்ந்திருந்தேன். எழுதியது சில வரிகள். நீக்கியது அதைவிட அதிகம். அன்றைக்கு யாராவது வந்து எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்டிருந்தால் கழித்தல் குறி போட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த நாவலில் மிக உருப்படியாக வேலை நடந்த நாட்களில் அது ஒன்று. வீட்டில் மற்றவர்கள் பார்த்ததோ, சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியை.

இதற்கென்றே ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு எந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் தெரிய வருகிறது, யாருக்கு இன்னும் தெரியாது, யார் தெரிந்தும் நடிக்கிறார்கள். பக்கத்திலேயே எல்லோருடைய பிறந்த வருடமும் வயதும். கதை பதினைந்து வருடம் தாண்டும்போது குழந்தைகள் மட்டும் வளர்ந்து பெரியவர்கள் அப்படியே இருந்துவிடும் ஆபத்து உண்டு. செத்துப்போன நாய் நாற்பது பக்கம் தள்ளி வாலாட்டிக்கொண்டு வரும். கர்ப்பிணி ஒருத்தி பதினான்கு மாதம் கர்ப்பமாக இருப்பாள். நாவல் எழுதுகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தக் கணக்கு வழக்கைக் குமாஸ்தா வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாவலை அந்தக் கர்ப்பிணியோடு சேர்த்து நாம் படிக்க வேண்டியதுதான்.

அப்புறம் உரையாடலை வாய்விட்டுப் படிக்கிற வேலை. எழுதும்போது கச்சிதமாகத் தெரிந்த வசனம், சத்தமாகச் சொன்னால் மேடை நாடகம் போல விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் எழுதியதை நானே இரண்டு குரலில் பேசிப் பார்ப்பேன். ஒருத்தி கெஞ்சுவாள், இன்னொருத்தி கத்துவாள். வீட்டில் யாரும் இப்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. புதிதாக வந்த விருந்தாளிகளுக்குத்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேலைகளில் எதுவும் வேலை மாதிரி தெரியாது என்பதுதான் விஷயம். தட்டச்சுச் சத்தம் கேட்டால் எழுதுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். சத்தம் நின்றால் ஓய்வாக இருக்கிறாள் என்று அர்த்தமாகிவிடும். “சும்மாதானே இருக்கே, ஒரு நிமிஷம் வா.” அந்த ஒரு நிமிஷத்தை நான் கஞ்சத்தனமாக எண்ணிப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். நீளமான ஒரு கணக்கை மனதுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வருகிறவரிடம் மணி என்ன என்று கேட்டால், போவது மணி சொல்கிற நொடி மட்டுமா? மறுபடி முதல் எண்ணிலிருந்து வர வேண்டும். அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போகிறான் என்பதை அன்று கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். ஒரு நிமிஷம் வா என்று கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன். அவன் காரணம் காற்றோடு போய்விட்டது. மறுநாள் வேறொரு காரணம் கிடைத்தது. முதலில் கிடைத்தது இதைவிட நல்லதா என்று இனி யாருக்குத் தெரியும்.

என் கணவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். கணினி வேலை. அவர் காதில் ஹெட்செட் ஏறிவிட்டால் வீடே பூனை நடை நடக்கும். டிவி சத்தம் குறையும், கதவுகள் மெதுவாகச் சாத்தப்படும், அழைப்பு மணி அடித்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். மீட்டிங் என்பது எல்லோருக்கும் புரிகிற வேலை. அதில் பாதி நேரம் அவர் வாயே திறக்காமல் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவரே சொல்வார். பரவாயில்லை, வேலை வேலைதான். ஒரு நாள் வேண்டுமென்றே, எதிலும் இணைக்காத ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நோட்டின் முன் உட்கார்ந்தேன். மதியம் வரை ஒருவர் கூடக் கூப்பிடவில்லை. சிரிக்க வேண்டிய விஷயம்தான், சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து ஒன்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு வீட்டில் யார் செய்வது வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அழைப்பு மணி அடிக்கும்போது யார் எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

பெரிய நாவலாசிரியர்களின் தினசரி பற்றிய கதைகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. ஒழுக்கத்துக்கு உதாரணமாக அடிக்கடி வருபவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை 5.30 மணிக்கு உட்கார்ந்து, எதிரே கடிகாரத்தை வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். எல்லோரும் இந்தக் கடிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1883இல் வெளியான சுயசரிதையில் அவரே இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, தினமும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே போகும். வேகத்துக்குப் பேர் போன அவருக்கும் கதைக்குள் திரும்பிப் போக அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டாவது, அவரைக் காபியோடு எழுப்புவதற்கு வயதான ஒரு குதிரைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட இவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோமோ என்று டிரோலப் எழுதுகிறார். ஐந்தரைக்கு எழுதும் நாவலாசிரியருக்கு முன்னால் இன்னொருவர் எழுந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதை எழுதி வைத்ததும் டிரோலப்பின் பெருந்தன்மை. பல வீடுகளில் இரண்டும் நடப்பதில்லை.

தாஸ்தாயெவ்ஸ்கி 26 நாளில் ஒரு நாவலை முடித்த கதையும் அப்படித்தான். 1866, நவம்பர் 1க்குள் புது நாவல் கொடுக்காவிட்டால் எழுத்துகளின் உரிமை பதிப்பாளர் கைக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம். மேதையின் வேகம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறோம். அவர் பகலில் சொல்லச் சொல்ல, அன்னா என்ற இருபது வயதுப் பெண் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்குப் போய் ராத்திரி அதை முழு எழுத்தாக்கி மறுநாள் கொண்டுவந்தாள். அந்த இருபத்தாறு நாளில் அவளுடைய இரவுகளும் சேர்த்தி. அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். பிற்காலத்தில் அவர் புத்தகங்களைப் பதிப்பித்து விற்று, கடன்களை அடைக்கப் பாடுபட்டவரும் அன்னாதான்.

ஜேன் ஆஸ்டினுக்குத் தனி எழுத்தறை கிடையாது. பொது அறையில் எழுதுவார், யாராவது வந்தால் சட்டென்று மறைத்துவிட வசதியாகச் சின்னத் தாள்களில். வெளியே ஒரு கதவு கிரீச்சிடும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆள் வருவது அதில் தெரிந்துவிடும் என்பதால். அண்ணன் மகன் எழுதிய நினைவுக் குறிப்பில் இருக்கும் இந்தக் கதையை எல்லோரும் அழகு அழகு என்று ரசிக்கிறார்கள். எனக்கு இதில் அழகு ஒன்றும் தெரியவில்லை. எச்சரிக்கை மணி வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்ததே என்றுதான் தோன்றுகிறது. அந்த வீட்டில் அவர் பொறுப்பு பெரும்பாலும் காலை உணவுதான். மற்றதை அக்கா கசாண்ட்ராவும் கூடவே தங்கியிருந்த தோழி மார்த்தா லாய்டும் பார்த்துக்கொண்டார்கள். 1816இல் அக்கா வெளியூர் போயிருந்தபோது முழு வீடும் தலையில் விழுந்தது. இறைச்சியும் மருந்தும் தலை நிறைய இருக்கும்போது எப்படி எழுதுவது என்று அக்காவுக்கே கடிதம் போட்டார். நாவலாசிரியரின் வீட்டு வாழ்க்கை பற்றி இதைவிட நேர்மையாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இதற்காக வீடு முழுக்க எழுத்தாளரைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு வாழ வேண்டும் என்கிறேனா? அந்த மாதிரி எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்பா எழுதுகிறார், சத்தம் போடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்பாடு எழுதும் நினைவுக் குறிப்புகளில் அப்பா எப்படி வருகிறார் என்று பார்த்தாலே போதும். நாவலுக்குத் தேவையான அமைதியை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு அதற்குத் தவம் என்று பெயர் வைப்பது மோசடி. நன்றியுரையில் ஒரு வரி போட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. வீட்டுத் தொந்தரவுதான் எழுத்துக்கு உரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தவர்கள்.

ஒரு பெண் கதை எழுதத் தனி அறையும் வருட வருமானமும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதை இப்போதும் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அறை இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. தட்டினால் திறக்க வேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பகத்தில் எடிட்டர் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி எழுதியவர். குழந்தைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முந்தைய நேரத்தைப் பிடித்துக்கொண்டார், விடியலில் எழுதும் பழக்கம் அப்படித்தான் வந்தது என்று சொல்லியிருக்கிறார். தட்டுவதற்கு ஆள் விழித்திருக்காத நேரம். நம்மில் பலருக்கும் கைக்கு எட்டுகிற ஒரே அறை அதுதான். அதற்கு விலை தூக்கம். நாற்பதைத் தாண்டினால் கழுத்தும் மணிக்கட்டும் சேர்ந்து பில் போடும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு ஓடுகிறது. காலையில் மூன்று மணி நேரம் என் மீட்டிங். கணவருடைய காலண்டரில் அப்படியே போட்டிருக்கிறது, எதிரே யாரும் இல்லாத மீட்டிங். அந்த நேரத்தில் மணி அடித்தால் அவர் போவார். அவர் மீட்டிங்கில் இருக்கும்போது அடித்தால் நான் போவேன். இரண்டும் மோதினால் வந்தவர் இன்னொரு தடவை அடிக்கட்டும். வாரத்தில் சில நாள் குலைந்துதான் போகிறது. குலைந்தது என்று சொல்ல இப்போது இடம் இருக்கிறது, முன்பு அதுகூட இல்லை.

நாவல் எழுத வேலையை விடட்டுமா என்று சில இளைஞர்கள் இன்பாக்ஸில் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் பதில் போடுகிறேன். டிரோலப் தபால் துறையை விட்டது 1867இல், அதற்குள் அவருக்குப் பேர் சொல்லும் நாவல்கள் பல வந்துவிட்டன. பணத்தைவிட நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. ஆபீஸ் போகிற ஆளை அந்த நேரத்தில் வீடு தேடாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்த எட்டு மணி நேரமும் நாவலுக்கு வந்துவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் அந்த எட்டு மணி நேரத்துக்கு ஆளுக்கொரு திட்டம் வைத்திருப்பார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே எல்லோரையும் உட்கார வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் இனி என் வேலைதான் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்துவிட்டு, அப்புறம் கடிதம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.