எக்ஸ்டென்ஷன் போட்ட வீடும் இல்லாத பேப்பரும்

லண்டனில் வீடு விற்கிற யோசனையில் இருக்கிற நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஜென்டைக் கூப்பிட முதல், எக்ஸ்டென்ஷன் பேப்பர்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் பின்பக்கம் நீட்டாத, லொஃப்ட் எடுக்காத தமிழ் வீட்டைக் காண்பது அருமை. அம்மம்மாவுக்குக் கீழே ஒரு பாத்ரூம், ஒரு சாமியறை, பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே இரண்டு அறை. எல்லாம் நியாயமான தேவைகள்தான். ஆனால் கட்டியதற்கான பேப்பர் முழுக்க இருக்கிற வீடு இன்னும் அருமை.

போன வருடம் உறவினர் ஒருவரின் வீட்டு விற்பனையில் கூடவே நின்றேன். விலை பேசி, இரண்டு பக்கமும் சந்தோசம். பிறகு வாங்குகிறவரின் சொலிசிட்டரிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. குசினியை நீட்டியதற்கு பிளானிங் எங்கே? லொஃப்டுக்குக் கம்ப்ளீஷன் சேர்ட்டிபிகேட் எங்கே? உறவினரிடம் இருந்த ஒரே பதில் இதுதான்: "அது பெர்மிட்டட் டெவலப்மென்ட், பேப்பர் ஒண்டும் தேவையில்லை அண்ணை எண்டு பில்டர் அண்டைக்கே சொன்னவர்."

பில்டர் சொன்னது பாதிதான் சரி. இங்கிலாந்தில் சில அளவுகளுக்குள் கட்டினால் பிளானிங் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒட்டு வீடு என்றால் பின்பக்கம் 3 மீற்றர், தனி வீடு என்றால் 4 மீற்றர். கவுன்சில் அயலவர்களுக்கு அறிவித்து, அவர்கள் மறுத்தால் அதையும் பார்த்து முன்கூட்டியே ஒப்புதல் தந்தால் முறையே 6, 8 மீற்றர் வரை போகலாம். லொஃப்டில், வரிசையாக ஒட்டிய டெரஸ் வீட்டுக்கு 40 கனமீற்றர், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய செமிக்கும் தனி வீட்டுக்கும் 50. பலர் மாட்டுகிற இடம் வேறு. இந்த அளவு நீங்கள் வாங்கிய வீட்டிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. 1948 யூலை 1 இல் வீடு எப்படி இருந்ததோ, அதற்குப் பிறகு கட்டிய வீடென்றால் முதலில் எப்படிக் கட்டினார்களோ, அதிலிருந்துதான். உங்களுக்கு முன்னிருந்தவர் பின்னால் 2 மீற்றர் நீட்டியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். பழமையைப் பாதுகாக்கிற கொன்சவேஷன் ஏரியா என்றால் விதிகள் இன்னும் இறுக்கம்.

சொல்லாமல் விட்ட மற்றப் பாதி பில்டிங் ரெகுலேஷன்ஸ். இது பிளானிங்கோடு சம்பந்தமில்லாத வேறு சட்டம். அத்திவாரம், பீம், நெருப்புப் பாதுகாப்பு, வடிகால் எல்லாம் இதில்தான் வரும். பிளானிங் தேவைப்படாத எக்ஸ்டென்ஷனுக்கும் இது தேவை. வேலை இதன்படி முடிந்தது என்று தருவதுதான் அந்தக் கம்ப்ளீஷன் சேர்ட்டிபிகேட். லொஃப்டுக்கு அது இல்லையென்றால் விளம்பரத்தில் அதைப் படுக்கையறை என்று போடவே ஏஜென்ட் தயங்குவார். நாலு அறை வீடு என்று நினைத்துக்கொண்டிருப்போம். சந்தையில் அது மூன்று அறை வீடு.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். பிளானிங் தேவையில்லை என்றாலும், "இது சட்டப்படி சரி" என்று கவுன்சிலிடம் ஒரு லோஃபுல் டெவலப்மென்ட் சேர்ட்டிபிகேட் எடுக்கலாம். கட்ட முதல் எடுத்தால் பிளானிங் கட்டணத்தில் பாதி. கட்டி முடிந்த பிறகு எடுத்தால் முழுக் கட்டணம். வீட்டு எக்ஸ்டென்ஷனுக்கான கட்டணத்தை 2025 ஏப்ரலில் 258 பவுணிலிருந்து 528 ஆக்கினார்கள். ஒரேயடியாக இரண்டு மடங்கு! நல்லபடி பேப்பர் எடுக்க நினைப்பவனையும் விலகி ஓட வைக்கிற வேலை இது என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று கட்டுகிறவர், இந்தப் பாதிக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. குசினிக் கைபிடிகளுக்கே அதைவிடக் கூடச் செலவழிக்கிறோம். விற்கிற நேரத்தில் காசைவிடக் காலம்தான் பெரிய பிரச்சினை. இந்தச் சேர்ட்டிபிகேட்டுக்கு கவுன்சிலுக்குள்ள கெடு 8 கிழமை. அதுவரை வாங்குகிறவர் பொறுத்திருப்பார் என்று யார் சொன்னது?

"நாலு வருசம் தாண்டினால் கவுன்சிலால ஒண்டும் செய்ய ஏலாது" என்று கலியாண வீடுகளில் சட்டம் பேசுகிறவர்கள் கவனிக்க: அந்தப் பிளானிங் விதி மாறிவிட்டது. 2024 ஏப்ரல் 25 இற்கு முதல் பெரும்பாலும் முடிந்த கட்டடத்துக்குத்தான் 4 வருடம். அதற்குப் பிறகு முடித்ததற்கு 10 வருடம். வேண்டுமென்றே மறைத்தால் அந்தக் கணக்கும் உதவாது. சறேயில் ரொபர்ட் ஃபிட்லர் என்ற விவசாயி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கோட்டை மாதிரி ஒரு வீட்டைக் கட்டி, நாலு வருடம் ஒளித்து வைத்திருந்தார். நீதிமன்றம் விடவில்லை, 2016 இல் இடிக்க வேண்டி வந்தது.

பேப்பர் இல்லையென்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை, பதறிப்போய்க் கவுன்சிலுக்குப் போன் எடுப்பது. தயவுசெய்து முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள். இப்படியான குறைகளுக்கு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை காசு கட்டினால் போதும், பெரும்பாலும் விற்கிறவர்தான் கட்டுவார். ஆனால் நீங்கள் இந்த விசயமாகக் கவுன்சிலோடு கதைத்துவிட்டால் அதைத் தரமாட்டார்கள்.

அந்த இன்சூரன்ஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வருகிற நட்டத்துக்குத்தான் அது. பீம் வளைந்தால், கூரை ஒழுகினால் ஒரு சதமும் வராது. இரண்டு பக்கச் சொலிசிட்டர்களும் வங்கியும் பெட்டியில் சரி அடையாளம் போட உதவுகிற ஒரு கடதாசி, அவ்வளவுதான். விற்பனை அவசரம் என்றால் வாங்குங்கள். நீங்கள் வாங்குகிற பக்கம் நின்றால் அதை மட்டும் நம்பாமல் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு ரெகுலரைசேஷன் என்ற வழி இருக்கிறது. 1985 நவம்பர் 11 இற்குப் பிறகு செய்த வேலைகளுக்கு, பிந்தியென்றாலும் கவுன்சிலின் பில்டிங் கொன்ட்ரோல் வந்து பார்த்துச் சேர்ட்டிபிகேட் தரும். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு, வழமையைவிடக் கூடத்தான். பீமைப் பார்க்கச் சீலிங்கை வெட்டச் சொல்லவும் கூடும். தூசியும் எரிச்சலும் வரும். ஆனால் உண்மையில் வீடு பாதுகாப்பானதா என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்கிற வழி இதுதான். நான் என்றால் விற்பதற்கு ஒரு வருடம் முதலே இதைச் செய்துவிடுவேன்.

விற்கும்போது நிரப்புகிற டிஏ6 படிவத்தில் வீட்டில் செய்த மாற்றங்களைக் கேட்பார்கள். "எழுதாமல் விடுவம், ஆருக்குத் தெரியப்போகுது" என்று யோசனை சொல்கிற மச்சான் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பொய் எழுதினால் வீடு கைமாறிய பிறகும் வழக்குப் போடலாம். வழக்கு வந்தால் கோர்ட்டுக்குப் போவது நீங்கள், மச்சான் இல்லை.

இன்னொன்று. எக்ஸ்டென்ஷன் போட்டதற்காக நீங்கள் இருக்கும்வரை உங்கள் கவுன்சில் டாக்ஸ் பாண்ட் (வரியின் அளவைத் தீர்மானிக்கிற படிநிலை) ஏறாது. வீடு விற்ற பிறகுதான் அதை மறுபடி பார்ப்பார்கள். ஏறினால் புதிதாக வந்தவர்தான் கட்ட வேண்டும். இது தெரிந்த வாங்குகிறவர்கள் இப்போது அதையும் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதிலோடு இருங்கள்.